சுமந்து சென்ற ஒளி
யாழ்ப்பாணத் தீவகத்தில் விளக்கும் மின்கலமும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் (கி.பி. 1153–1186) தமிழ்ச் சாசனமொன்று உளது. பேராசிரியர் கா. இந்திரபாலா இதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகர்க்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்பதோடு, அத்துறையில் மரக்கலங்கள் உடைந்தால் சரக்கை எவ்வாறு பங்கிடுவது என்பதனையும் அச்சாசனம் விதிக்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்ததாயின் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும், எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வாணிகச் சரக்கு ஏற்றிவந்த கலமாயின் சரிபாதி பண்டாரத்தைச் சேரும். ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே என்பது அறிஞர் கருத்தாகும்.

இச்சாசனம் அக்கால வணிக வரலாற்றுக்குச் சான்றாகவே பெரும்பாலும் எடுத்தாளப்படுகின்றது. ஆயின் அது பிறிதொரு செய்தியையும் உட்கொண்டுள்ளது. கலங்கள் உடைவது சட்டம் இயற்றி ஒழுங்குசெய்ய வேண்டிய அளவுக்கு வழமையான நிகழ்ச்சியாக இருந்திருக்கின்றது. ஆழங்குறைந்த கடலும், பாறைத்திட்டுகளும், தீவுகளுக்கிடையேயான ஒடுங்கிய நீர்வழிகளும் கொண்ட இப்பகுதியில் இருள் என்பது வெறும் ஒளியின்மை அன்று. அது பொருளிழப்பும் உயிரிழப்புமாகும். அவ்விழப்பிலிருந்தும் அரசு தன் பங்கை எடுத்துக்கொண்டது.

ஒளியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மாநகரத் தெருவிளக்குகளையும், பெரும் மின்னாக்க நிலையங்களையும், மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கிய மின்கம்பிகளையும் பற்றியே எழுதுவர். கம்பி சென்றடையாத இடத்தில் தொழில் செய்வோனின் ஒளி அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. சுரங்கத் தொழிலாளி, குகை ஆராய்வோன், இரவில் வலைவீசும் கடற்றொழிலாளி, தீவில் வாழும் குடியானவன் ஆகியோர் தம் ஒளியைத் தாமே சுமந்து செல்லவேண்டியவர்கள். அவர்களுக்கு விளக்கைவிட முக்கியமானது விளக்குக்கு உணவூட்டும் சேமிப்பாகும். எண்ணெயோ, காபைட்டோ, மின்கலமோ, அச்சேமிப்பு எங்கிருந்து வருகின்றது, எவர் கையில் உள்ளது, எவ்வளவு நேரம் நிற்கும் என்னும் வினாக்களே அவர்களது வாழ்வை வரையறுத்தன. இவ்வினாக்களை முன்வைத்து யாழ்ப்பாணத் தீவகத்தின் ஒளி வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சூளும் எண்ணெயும்

யாழ்ப்பாணக் குடாநாடும் அதனைச் சூழ்ந்த தீவுகளும் பெரும்பாலும் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின்மேல் அமைந்தவை. மழைநீர் அக்கல்லைக் கரைத்து நிலத்தடியில் குடைவுகளை உண்டாக்கியுள்ளது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் இவ்வியல்பின் வெளித்தோற்றங்கள். ஆயின் இக்குடைவுகள் நீர் நிறைந்தவை. மனிதர் விளக்கேந்தி உட்புகுந்து நடக்கத்தக்க குகைகளாக அமைந்தவை அல்ல. எனவே தீவக மக்கள் இருளுக்குள் தொழில் செய்த இடம் நிலத்தின் அடியன்று, கடலின் மேற்பரப்பேயாகும்.

ஆழங்குறைந்த களப்பிலும் கரையோரக் கடலிலும் இரவில் மீனும் நண்டும் பிடிப்போர் காய்ந்த ஓலையைக் கட்டிச் சூளாக்கிக் கொளுத்தினர். இதன் பொருளியல் எளியது. ஓலை இலவசமாகக் கிடைத்தது. பனையும் தென்னையும் உள்ள இடத்தில் அதற்குத் தட்டுப்பாடு இல்லை. ஆயின் சூள் விரைவில் எரிந்து முடியும். காற்றுக்கும் மழைக்கும் நில்லாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஒரு மனிதனின் ஒரு கையை முழுமையாக எடுத்துக்கொள்ளும். ஒருவன் சூள் பிடிக்க மற்றவன் மீன் பிடிக்க வேண்டியிருந்தது. தனியொருவன் தொழில் செய்தால் பாதித் திறனையே பயன்படுத்த முடிந்தது. ஒளிக்குக் கொடுக்கப்பட்ட விலை பணமன்று, உழைப்பாகும்.

வீட்டினுள்ளும் கோயிலிலும் தேங்காயெண்ணெயும் இலுப்பெண்ணெயும் எரிந்தன. இவையும் உள்ளூரில் விளைந்தவையே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் ஆசிய நாடுகளின் சந்தைகளில் பரவியபோது நிலைமை மாறத் தொடங்கியது. அமெரிக்காவிலும் உருசியப் பேரரசின் பாக்குவிலும் எடுக்கப்பட்ட எண்ணெய் கப்பலேறி வந்து கீழைத் தேசங்களின் விளக்குகளில் எரிந்தது. மண்ணெண்ணெய் விளக்கு சூளைவிடப் பிரகாசமானது. இலாம்பின் கண்ணாடிச் சிமினி காற்றைத் தடுத்தது. அதன்பின் வந்த அழுத்த விளக்காகிய பெற்றோமக்ஸ், திருவிழாவையும் கூத்துமேடையையும் இரவுக் கடற்றொழிலையும் ஒருங்கே மாற்றியது. மீன்கூட்டங்களை ஒளியால் ஈர்த்துப் பிடிக்கும் முறைக்கு அது ஏற்றதாயிற்று.

இம்மாற்றம் முன்னேற்றமே என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் மறுபக்கமும் நோக்கற்பாலது. ஓலையும் இலுப்பெண்ணெயும் தீவிலேயே விளைந்தவை. மண்ணெண்ணெய் கடல்கடந்து, கொழும்புத் துறைமுகம் வழியாக, வணிகர் பலரின் கை மாறி, இறுதியில் வள்ளத்திலே தீவை வந்தடைந்தது. தீவின் ஒளி முதன்முறையாகத் தீவுக்கு வெளியே இருந்தோரின் விருப்பத்தையும் விலையையும் சார்ந்ததாயிற்று. இச்சார்பு சாதாரண காலத்தில் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஒரு நூற்றாண்டு கழிந்தபின் அது கண்கூடாகப் புலப்பட்டது.

தலைவிளக்கின் பிறப்பு

ஒளியைச் சுமந்து செல்லும் சிக்கலுக்கு மிகத் தெளிவான தீர்வு கடலிலன்றிச் சுரங்கத்திலேயே பிறந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் தேங்கும் எரிவாயு திறந்த சுடரைத் தீண்டினால் வெடிக்கும். 1815இல் ஹம்பிரி டேவி சுடரைச் சுற்றி நுண்ணிய உலோக வலையை அமைத்து வெடிப்பைத் தடுக்கும் வழியைக் கண்டார். ஆயினும் அவ்விளக்கின் ஒளி மங்கலானது. அதனையும் கையிலேயே ஏந்த வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கல்சியம் காபைட்டு மலிவாக உற்பத்தி செய்யப்பட்டபோது காபைட்டு விளக்கு தோன்றியது. காபைட்டுக் கட்டியின்மேல் நீர் துளித்துளியாக விழ, அசற்றலீன் வாயு எழும். அது சிறு துளைவழி வெளியேறி, பளபளப்பான தட்டின்முன் வெண்சுடராக எரியும். இவ்விளக்கைத் தொப்பியிற் பொருத்தலாம். அதனாற் கைகளிரண்டும் விடுதலை பெற்றன. சூள் பிடித்தவன் இழந்த கையைத் தலைவிளக்கு மீட்டுக் கொடுத்தது எனலாம். தலைவிளக்கின் வரலாற்று முக்கியத்துவம் அதன் பிரகாசத்தில் மட்டும் இல்லை. இருளில் உழைப்போனுக்கு அது இரு கைகளையும் அளித்ததிலேயே உளது.

ஆயினும் காபைட்டு விளக்கும் திறந்த சுடரே. நிலக்கரிச் சுரங்கத்துக்கு அது ஏற்றதன்று. இதற்கு மின்விளக்கே விடையாயிற்று. 1914இல் அமெரிக்காவில் தோமஸ் எடிசன், சுரங்கப் பொறியியலாளர் இருவரின் வேண்டுகோளின்பேரில், மீள மின்னேற்றத்தக்க கலத்தோடு கூடிய தொப்பி விளக்கினை உருவாக்கினார். விளக்கு தலையில், கனமான மின்கலம் இடைவாரில், இரண்டையும் இணைப்பது ஒரு கம்பி. ஒரு வேலை முறை முழுவதும் நின்று, மறுநாளுக்காகச் சுரங்க வாயிலிலேயே மின்னேற்றப்படும் ஏற்பாடு அது. இந்த அமைப்பு சில தலைமுறைகளாக மாறாது நிலைத்தது.

தென்னிந்தியாவில் இவ்வரலாறு தமிழரைத் தொட்ட இடம் கோலார் தங்கவயலாகும். 1902இல் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து கோலார்ச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்லப்பட்டது. அக்காலத்தில் ஆசியாவின் மிக நீண்ட மின்வழிகளுள் ஒன்றாக அது விளங்கியது. ஆழ்சுரங்கங்களில் இறங்கியோருட் பெருந்தொகையினர் வடஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற தொழிலாளராவர். மின்கம்பி வந்தபின்னும், பாறையைத் துளைக்கும் முனையில் நின்றவன் தன் ஒளியைத் தானே சுமந்தான் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

சுரங்கத்தார் கழித்துவிட்ட தொப்பி விளக்குகளை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குகை ஆராய்வோர் வாங்கிப் பயன்படுத்தினர். அவர்கள் பயன்படுத்திய மின்கலங்களின் குறைகளே அவற்றின் திருத்தத்துக்குக் காரணமாயின. ஈய-அமிலக் கலம் கனமானது. சாய்ந்தால் அமிலம் கசியும். குகை ஆராய்வோன் தொங்கும் நைலோன் கயிற்றை அவ்வமிலம் அரித்து, உயிருக்கே ஆபத்தை விளைக்கும். நிக்கல்-இரும்புக் கலத்திலிருந்து கசியும் காரம் தோலைச் சுட்டது. இதனால் அவர்கள் தாமே சிறு நிக்கல்-கட்மியக் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பொதிகளைச் செய்யத் தலைப்பட்டனர். பின்னர் நிக்கல்-உலோக ஐதரைட்டும், அதன்பின் இலிதியம்-அயன் கலமும் அவ்விடத்தைப் பிடித்தன. ஒரு கிலோகிராம் ஈய-அமிலக் கலம் ஏறத்தாழ 30 முதல் 40 வாற்று-மணி சத்தியைச் சேமிக்க, அதே நிறையுடைய இலிதியம்-அயன் கலம் 150 வாற்று-மணிக்கும் மேலாகச் சேமிக்கும். இழைக் குமிழின் இடத்தை வெண்ணிற ஒளி உமிழ் இருவாயி பிடித்ததும் ஒரே அளவு மின்சத்தி பன்மடங்கு ஒளியைத் தந்தது. எடிசன் காலத்துக் கலம் ஒரு வேலை முறைக்கே போதுமானதாயிருக்க, அதிலும் பன்மடங்கு இலேசான இன்றைய கலம் பல இரவுகளுக்குப் போதும்.

குகை ஆராய்வோரிடையே ஒரு விதி உண்டு. ஒவ்வொருவரும் ஒன்றையொன்று சாராத மூன்று ஒளி மூலங்களையாவது உடன்கொண்டு செல்லவேண்டும் என்பதே அது. ஒன்று பழுதானால் மற்றொன்று. அதுவும் பழுதானால் வெளியேறுவதற்கு மூன்றாவது. ஒரே மூலத்தை நம்பி இருளுக்குள் செல்லலாகாது என்னும் இப்பாடத்தை அவர்கள் விரும்பி மேற்கொண்ட பயணங்களிற் கற்றனர். யாழ்ப்பாண மக்களோ இதே பாடத்தைத் தாம் விரும்பாத ஒரு காலத்திற் கற்க நேர்ந்தது.

மின்கலம் தடைசெய்யப்பட்ட காலம்

1990 யூன் மாதத்தில் இலங்கை அரசுக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்குமிடையே போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணத்துக்கான மின்சாரம் நின்றது. அரசின் பொருளாதாரத் தடையால் எரிபொருள் முதலிய பல பண்டங்கள் வடக்கே செல்வது நின்றது அல்லது கடுமையாக மட்டுப்படுத்தப்பட்டது. தடைசெய்யப்பட்ட பண்டங்களுள் ரோச் பற்றரியும் ஒன்றாகும். அதன்பின் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியது. வேலணை, புங்குடுதீவு, மண்டைதீவு முதலிய இடங்களிலிருந்து பெருந்தொகையான மக்கள் குடாநாட்டுக்கும் அப்பாலும் இடம்பெயர்ந்தனர். தீவக மக்கள் தம் ஊரையும் கடலையும் இழந்து, ஒளியற்ற குடாநாட்டில் அகதிகளாக வாழ்ந்த காலம் இது.

இக்காலத்திலே ஒளியைப் பெறுவதற்கு மக்கள் கையாண்ட வழிகள் பலராலும் நினைவுகூரப்படுகின்றன. அவற்றை வெறும் நினைவுகளாக விட்டுவிடாது அவற்றின் செயல்முறையை நோக்குதல் பயன்தரும்.

முதலாவது ஜாம் போத்தல் விளக்கு. வெற்று ஜாம் போத்தலினுள் பஞ்சும் சிறிதளவு மண்ணெண்ணெயும் இட்டு, மெல்லிய திரியினால் அது எரிக்கப்பட்டது. போத்தலே சிமினியாக நின்று சுடரைக் காற்றிலிருந்து காத்தது. சுடர் சிறிதாகையால் எண்ணெய் மிகக் குறைவாகவே செலவாயிற்று. ஒளியின் அளவைக் குறைத்து நேரத்தை நீட்டும் பொறியியல் இது. க.பொ.த. பரீட்சைக்குப் படித்த மாணவர் ஒரு தலைமுறை முழுவதும் இச்சுடரின் அருகிலேயே குனிந்திருந்தனர்.

இரண்டாவது துவிச்சக்கரவண்டியின் டைனமோ. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றினால் டைனமோ ஏறத்தாழ 6 வோற்று அழுத்தத்தில் 3 வாற்று வரை மின்னைப் பிறப்பிக்கும். அது மாறுதிசை மின்னாதலின் வானொலிக்கு நேரே கொடுத்தல் ஆகாது. இடையே இருவாயி ஒன்றைச் சேர்த்து நேர்மின்னாக்க வேண்டும். ஒருவர் சுற்ற, சூழ இருந்தோர் பி.பி.சி. தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் கேட்டனர். சூள் பிடிப்பதற்கு ஒருவன் தேவைப்பட்ட பழைய நிலை இங்கு மீண்டது. செய்தியைக் கேட்பதற்கும் ஒருவரின் உடலுழைப்பு வேண்டியதாயிற்று.

மூன்றாவது, தீர்ந்துபோன பற்றரியை மீண்டும் உயிர்ப்பித்தல். சாதாரண உலர்கலத்தில் நாகத்தாலான வெளிக்கூடு எதிர்முனையாகும். நடுவிலுள்ள கரிக்கோலையும் அதனைச் சூழ்ந்த மங்கனீசீரொட்சைட்டுக் கலவையையும் கொண்டது நேர்முனை. இரண்டுக்குமிடையே ஈரமான உப்புப்பசை உளது. கலம் தீர்ந்துவிட்டதாகத் தோன்றும்போது உள்ளிருக்கும் வேதிப்பொருள் அனைத்தும் முடிந்துவிடுவதில்லை. பசை உலர்ந்து, அகத்தடை உயர்ந்து, மின்னோட்டம் மெலிந்துவிடுவதே பல வேளைகளில் நிகழ்வது. மக்கள் கலத்தில் துளையிட்டு உப்புநீரை ஊற்றினர், வெயிலிலும் வைத்தனர். உப்புநீர் பசையை மீண்டும் ஈரமாக்கி அகத்தடையைக் குறைக்கும். வெப்பம் தாக்கத்தின் வேகத்தைக் கூட்டும். சிறிது நேரம் விளக்கு எரியும், வானொலி பேசும். ஆயின் நாகக்கூடு ஏற்கெனவே அரிபட்டதாகையால் விரைவில் கசிந்து, கலம் முற்றாக அழிந்துபோகும். அதாவது இது சத்தியைப் புதிதாக ஆக்கும் வழியன்று. எஞ்சியதை இறுதிவரை பிழிந்தெடுக்கும் வழியாகும்.

இவ்வாண்டுகளை உலகின் பிற பகுதிகளில் நிகழ்ந்தவற்றோடு ஒப்பிடும்போது வரலாற்றின் முரண் நன்கு விளங்கும். 1991இல் யப்பானின் சோனி நிறுவனம் முதலாவது இலிதியம்-அயன் கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1993இல் சூசி நாக்கமுரா பிரகாசமான நீலநிற ஒளி உமிழ் இருவாயியை அறிவித்தார். வெண்ணிற விளக்கு அதிலிருந்தே பிறந்தது. இவ்விரு துறைகளும் பின்னர் நோபல் பரிசு பெற்றன: நீல ஒளிக்கு 2014இலும் இலிதியம் கலத்துக்கு 2019இலும். சுமந்து செல்லும் ஒளியின் வரலாற்றில் மிகப்பெரிய பாய்ச்சல் நிகழ்ந்த அதே ஆண்டுகளில், யாழ்ப்பாணத்தில் ஒரு சோடி ரோச் பற்றரி கடத்தற்பொருளாக இருந்தது. இலங்கை தன் உயர்தரக் காரீயத்துக்குப் பெயர்பெற்ற நாடு. காரீயமோ உலர்கலத்துக்கும் இலிதியம் கலத்துக்கும் வேண்டிய மூலப்பொருள் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணவேண்டும்.

மேலும், ஒளியின்மை மட்டுமன்றி ஒளியும் அக்காலத்தில் அபாயமாக இருந்தது. ஆனையிறவு, சங்குப்பிட்டிப் பாதைகள் அடைபட்டபோது மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவிலே படகில் கடந்தனர். கடற்படையின் கண்ணிற் படாதிருப்பதற்கு இருளே அவர்களுக்குப் பாதுகாப்பு. 1993 யனவரி தொடக்கத்தில் அங்கு பயணிகள் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். கலங்கள் உடையாதிருக்க வெளிச்சவீடு எழுப்பிய கடலிலேயே, ஒரு விளக்கைக் கொளுத்துவது உயிரைக் கொடுப்பதற்கு ஒப்பாயிற்று.

இவற்றை எழுதுவோர் பலர், நெருக்கடியிலும் தளராத மக்களின் புத்திக்கூர்மையைப் போற்றி அமைவர். அப்பெருமை நியாயமானதே. ஆயின் அதனோடு நின்றுவிடுதல் வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. குகை ஆராய்வோர் தம் பொழுதுபோக்குக்காக மின்கலப் பொதிகளைத் திருத்தினர். தோல்வி கண்டால் வீடு திரும்பிப் புதிய கலத்தை வாங்க அவர்களால் இயலும். ஜாம் போத்தலைக் கையிலெடுத்தவனுக்கு அத்தெரிவு இல்லை. புத்திக்கூர்மை அங்கே ஒரு பண்பாட்டுச் சிறப்பாகப் பூத்ததன்று. இழப்புக்கு மக்கள் செலுத்திய விலையாகும். தளர்ந்த கண்களும், அரைகுறையாகக் கற்ற பாடங்களும், இலாம்பு வெளிச்சத்தில் நடந்த மருத்துவமும் அவ்விலையின் பகுதிகளே. சமாளித்த கதையை மட்டும் சொல்வோமாயின், சமாளிக்கவேண்டிய நிலையை உண்டாக்கியோரின் பொறுப்பு மறைந்துவிடும்.

தீவுகளின் பெரிய மின்கலம்

போர் 2009இல் முடிவடைந்தது. குடாநாடு பின்னர் நாட்டின் மின்வலையோடு மீண்டும் இணைக்கப்பட்டது. ஆயின் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியன கடலாற் பிரிக்கப்பட்டு அவ்வலைக்கு வெளியே நின்றன. சிறு டீசல் இயந்திரங்களே அவற்றுக்கு மின்சாரம் வழங்கின. டீசலோ படகிலேயே வரவேண்டும். மண்ணெண்ணெய்க் காலத்திற் தொடங்கிய சார்பு வேறொரு வடிவிற் தொடர்ந்தது எனலாம்.

2022இன் பொருளாதார நெருக்கடி இதனை மறுபடியும் உணர்த்தியது. அந்நியச் செலாவணி இன்றி எரிபொருள் இறக்குமதி தடைப்பட்டபோது நாடெங்கும் மின்வெட்டு நிகழ்ந்தது. மார்ச் மாத இறுதியில் அது நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. தீவகக் கடற்றொழிலாளர் படகுகளுக்கு மண்ணெண்ணெய் இன்றித் தவித்தனர். இந்தியா நன்கொடையாக வழங்கிய 15,000 லீற்றர் மண்ணெண்ணெய் நெடுந்தீவு, நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவு மக்களுக்காக அவ்வாண்டில் யாழ்ப்பாணத்திற் கையளிக்கப்பட்டது. பதினைந்தாயிரம் லீற்றர் என்பது பெரிய நாடொன்றின் கணக்கில் ஒரு துளி. தீவின் கணக்கில் அது சில நாட்களின் தொழிலும் போக்குவரத்துமாகும்.

காற்றும் வெயிலும் தீவகத்தில் நிறைய உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று தடையின்றி வீசும் நிலம் அது. எனவே காற்று, வெயில், மின்கலம், டீசல் என்னும் நான்கையும் இணைக்கும் கலப்பு மின்முறைமை இத்தீவுகளுக்கு ஏற்ற தீர்வாகக் கருதப்பட்டது. எழுவைதீவில் இத்தகைய சிறு முறைமை முன்னோடியாக அமைக்கப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான திட்டத்தை ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுதவியோடு ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வழங்க 2021 யனவரியில் இலங்கை அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. தமிழ்நாட்டுக் கரைக்கு மிக அருகிலுள்ள தீவுகளில் சீன நிறுவனம் இயங்குவதை இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு திசெம்பர் தொடக்கத்தில் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கரிசனை அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை எட்டப்பட்டது. 2024 மார்ச் முதலாந் திகதி, 11 மில்லியன் அமெரிக்க டொலர் இந்திய நன்கொடையுடன், பெங்களூரைச் சேர்ந்த நிறுவனமொன்றோடு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று.

அத்திட்டத்தின் அளவுகள் கவனத்துக்குரியன. மூன்று தீவுகளுக்கும் மொத்தமாக 1,700 கிலோவாற்று சூரிய மின், 530 கிலோவாற்று காற்று மின், 2,400 கிலோவாற்று-மணி மின்கலச் சேமிப்பு, 2,500 கிலோவாற்று துணை டீசல் இயந்திரங்கள் என்பன அதில் இடம்பெறுகின்றன. வெயிலும் காற்றும் முழுவீதத்தில் இயங்குமாயின் அம்மின்கலத்தை நிரப்புவதற்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேற்பட்ட நேரமே போதும். அதாவது அம்மின்கலம் நாட்கணக்கிற் சேமித்து வைக்கும் களஞ்சியமன்று. பகலையும் முன்னிரவையும் இணைக்கும் பாலமே அது. மேகம் மூடிக் காற்றும் ஓய்ந்த நாட்களுக்கு டீசல் இருக்கவே வேண்டும். ஒன்றையொன்று சாராத ஒளி மூலங்கள் வேண்டும் என்ற குகை ஆராய்வோரின் விதியே இங்கு ஒரு தீவின் அளவில் நடைமுறைக்கு வருகின்றது. சுரங்கத் தொழிலாளியின் இடைவாரில் தொங்கிய கலமும் இதுவும் அளவில் வேறாயினும் தொழிலில் ஒன்றே: கம்பி எட்டாத இடத்தில் ஒளியைத் தாங்கி நிற்றல்.

ஆயின் இவ்வரலாற்றில் தீவக மக்களின் குரல் எங்கே கேட்டது என்னும் வினா எஞ்சுகின்றது. எந்த நாடு அம்மின்கலத்தை நாட்டுவது என்பதுபற்றி மூன்று தலைநகரங்கள் பேசின. டீசல் இயந்திரத்தின் அருகில் மாலைதோறும் காத்திருந்தோரோ முடிவைக் கேட்டு அறிந்தவர்களே அன்றி முடிவெடுத்தவர்கள் அல்லர். பராக்கிரமபாகு காலத்தில் உடைந்த கலத்தின் பங்கு தீவுக்கு வெளியே தீர்மானிக்கப்பட்டதுபோல, இன்றும் தீவின் ஒளி தீவுக்கு வெளியே தீர்மானிக்கப்படுகின்றது.

பராமரிப்பும் இதனோடு தொடர்புடையதே. மின்கலம் சாகாவரம் பெற்றதன்று. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் கொள்ளளவு குறையும். என்றோ ஒருநாள் மாற்றவேண்டும். அன்று பழைய கலம் எங்கே செல்லும்? சுண்ணக்கல் நிலம் தன்மேல் விழுந்த எதனையும் விரைவில் நிலத்தடி நீருக்குக் கடத்திவிடும். தீவுகளின் நன்னீரோ உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படையே. சுன்னாகத்தில் மின்னாக்கத்தோடு தொடர்புடைய எண்ணெய்க் கழிவு கிணறுகளை மாசுபடுத்திய விடயத்தில் 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. ஒளிக்காகக் கொடுக்கப்பட்ட விலை நீரிலும் அறவிடப்படலாம் என்பதற்கு இது அருகிலேயே உள்ள பாடமாகும். எனவே மின்கலத்தை நாட்டுவதற்கான ஒப்பந்தத்தைப்போன்றே, அதனைத் திருத்தவும் அகற்றவும் உள்ளூர் இளைஞருக்குப் பயிற்சியளிக்கும் ஏற்பாடும் முக்கியமானது. கழிந்த பற்றரியைக் கூட உயிர்ப்பித்த சமூகத்துக்கு அத்தொழில் கைவராதது அன்று.

முடிவுரை

இன்று தீவகக் கரையோரத்தில் இரவில் நண்டு பிடிப்போர் தலையிற் கட்டும் சிறு விளக்குகளையும் பயன்படுத்துகின்றனர். சில நூறு கிராம் எடைகூட இல்லாத அக்கருவியில் டேவியின் வலையும், எடிசனின் இடைவார்க் கலமும், குகை ஆராய்வோர் ஒட்டிய பொதிகளும், நாக்கமுராவின் ஒளியும் ஒன்றுசேர்ந்துள்ளன. சூள் பிடித்தவனின் கை விடுதலை பெற்றுவிட்டது. தொழில்நுட்பம் அளிக்கக்கூடியதை அளித்துவிட்டது எனலாம்.

ஆயின் அவ்விளக்குக்கு மின்னேற்றும் கம்பி எங்கே செல்கின்றது என்று நோக்கினால் பழைய வினாவே மீண்டும் எழும். ஓலை தீவிற் பிறந்தது; மண்ணெண்ணெய் கடல்கடந்து வந்தது; பற்றரி ஒரு காலத்தில் தடைசெய்யப்பட்டது; இன்றைய பெரிய மின்கலம் ஒப்பந்தங்களின் வழி வருகின்றது. விளக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் பிரகாசமடைந்திருக்கின்றது. அதனை நிரப்பும் உரிமை அதே வேகத்தில் மக்களை அடையவில்லை. வெயிலும் காற்றும் எவருடைய அனுமதியையும் வேண்டாது தீவுக்கு வருவன. அவற்றைச் சேமித்துவைக்கும் கலமும் அத்தீவில் வாழ்வோரின் பொறுப்பிலும் உரிமையிலும் அமையும் நாளிலேயே இவ்வரலாறு ஒரு புதிய அத்தியாயத்தைத் தொடங்கும்.